எம்.பி.ஏ. படிச்சா மேசைக்கு எந்தப் பக்கம்?

எறையூரில் இப்போது இரண்டு வகை ஆலைகள். ஒன்று, எழுபதுகளில் வந்த அரசு சர்க்கரை ஆலை. அதற்குக் கரும்பு வெட்டுகிற கையும் கட்டுத் தூக்குகிற தலையும் யாருடையவை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, சிப்காட் பூங்காவில் வந்திருக்கும் காலணி ஆலை. 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 2023 நவம்பரில் திறந்தார்கள். 'கிராக்ஸ்' என்கிற வெளிநாட்டுச் செருப்பு இங்கே தயாராகிறது. தோலைத் தொட்டான், செருப்பைத் தொட்டான் என்று அருந்ததிய மக்களை ஊருக்கு வெளியே வைத்த நாடு இது. இன்றைக்கு அதே செருப்பு, கோடிக்கணக்கில் பணம் போட்டுச் செய்கிற கௌரவமான 'தொழில்' ஆகிவிட்டது. பணம் வந்தால் தீட்டு ஓடிவிடும் போல!

அந்த ஆலைக்கு நம்ம பெண்பிள்ளைகளும் பையன்களும் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும். வெயிலில் களையெடுப்பதைவிட நல்லதுதான். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆள் எடுக்கிறவன் யார்? சம்பளத்தை முடிவு செய்கிறவன் யார்? லாப நட்டக் கணக்குப் போடுகிறவன் யார்? அந்த நாற்காலிக்கு நுழைவுச் சீட்டு எம்.பி.ஏ. என்கிறார்கள். நம் பிள்ளைகளும் டான்செட் எழுதி, கடன் வாங்கி, பெரம்பலூரிலும் திருச்சியிலும் அந்தப் படிப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். இயக்கத்தில் இருக்கிற நாமோ 'அது முதலாளித்துவப் படிப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போஸ்டர் ஒட்டப் போய்விடுகிறோம். படிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் கேட்போமே தோழர்களே.

நான் கேட்டேன். படித்துக்கொண்டிருக்கிறவர்கள், முடித்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர். எல்லோரும் வீட்டில் முதல் பட்டதாரிகள். பெயர் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, பேலன்ஸ் ஷீட்டப் பாத்தா பயம் போயிடுச்சு. மொதலாளி நட்டம்னு சொன்னா, எந்த வரியில நட்டம்னு திருப்பிக் கேக்கத் தெரியுது." இது சின்ன விஷயம் இல்லை. நம் அப்பன் பாட்டன் காலமெல்லாம் பண்ணையார் எழுதிய கணக்குக்குக் கைநாட்டு வைத்தே போனார்கள். இன்னொரு தம்பி, "அறுபது பேர் முன்னால நின்னு பத்து நிமிசம் பேசணும். மொத தடவ கால் நடுங்குச்சு. நாலாவது தடவ நடுங்கல" என்றான். மூன்றாவது ஆள் சொன்னது எனக்கு நேரடியாகத் தெரிந்த சங்கதி: கடன் கேட்க வங்கிக்கு வருகிறவர் திட்ட அறிக்கையைத் தானே எழுதிக்கொண்டு வர முடிகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2016 ஏப்ரலில் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' என்று ஒன்றிய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு எஸ்.சி. அல்லது எஸ்.டி. ஆளுக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை தொழிற்கடன் தர வேண்டும் என்பது 2025 வரை அதன் விதியாக இருந்தது. 2023-இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. முதலீட்டில் 35 சதவீதம் மானியம். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நம் ஆள் உள்ளே வந்தால் 'புராஜெக்ட் ரிப்போர்ட் எங்கே, மார்ஜின் மணி எங்கே' என்ற இரண்டு கேள்வியில் திரும்பிப் போய்விடுகிறார். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்கிற படிப்பை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி கெட்டது. இதைச் சொல்லும்போதுதான் அவர்கள் குரல் மாறியது.

ஒன்று, காசு. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் உதவித்தொகை உண்டு. கிடைக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று ஒன்றிய அரசு 2018 வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. வீட்டு வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினாலும் இல்லை. மிச்சம் இருப்பது கல்விக்கடன். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்பது விதி. அந்த விதியைச் சொல்லாமலேயே 'நிலம் இருக்கா, வீட்டுப் பத்திரம் இருக்கா' என்று கேட்கிற மேசைகள் உண்டு. காலனி வீட்டுக்கு என்ன பத்திரம் இருக்கும்?

இரண்டு, பாடம். மாஸ்லோவின் பிரமிடு முதல் வருடத்திலேயே வந்துவிடுகிறது. மனுவின் பிரமிடு இரண்டு வருடத்திலும் வருவதில்லை. 'மனிதவள மேம்பாடு' என்று ஒரு தாளே இருக்கிறது. அதில் ஊக்கம், தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை எல்லாம் உண்டு. இந்த நாட்டில் ஆள் எடுப்பதைத் தீர்மானிக்கிற சாதி மட்டும் இல்லை. வகுப்பில் புராஜெக்ட்டுக்குக் குழு பிரிக்கும்போது யார் யாரோடு சேர்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், மனிதவளப் பாடம் முழுக்க அங்கேயே இருக்கிறது என்றான் ஒரு தம்பி.

மூன்று, வேலை. வளாக நேர்காணலுக்குக் கம்பெனிகள் வருகின்றன, உண்மை. எதற்கு ஆள் எடுக்கின்றன? காப்பீடு விற்க, மோட்டார் பைக் கடன் பிடிக்க, மகளிர் குழுக் கடன் வசூலிக்க. எம்.பி.ஏ. முடித்த ஒரு பையன் இப்போது குழுக்கடன் வசூலுக்குப் போகிறான். எங்கே? நம் தெருக்களுக்குத்தான். "எங்க அத்தை மாதிரி இருக்கிற பொம்பளைங்க கதவச் சாத்திக்கிறாங்க அண்ணே. நான் வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுக்குத்தான் கம்பெனி இந்த ஏரியாவ எனக்குக் குடுத்திருக்கு" என்றான். சேரியின் மொழி தெரிந்தவனை வைத்தே சேரியிடம் வட்டி பிடுங்குகிறார்கள். இதற்கும் 'லோக்கல் டேலண்ட்' என்று பெயர் வைத்திருப்பார்கள்.

நான்கு, நேர்காணல். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது, பெருமைதான். அதனால் 'சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம், அப்பா என்ன செய்றாரு' என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். இதை மனப்பிரமை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2007-இல் ஜோத்காவும் நியூமனும் பெரிய கம்பெனிகளின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, 'தகுதி' மட்டும்தான் என்று சொல்லும் அதே வாய் 'குடும்பப் பின்னணி முக்கியம்' என்றும் சொன்னது. அதே ஆண்டு தோரட்டும் அட்வெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். படிப்பு ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று என்றால் தலித் பெயருக்கு இரண்டுதான். மேலே போனால் இன்னும் மோசம். 2012-இல் வந்த ஆய்வு 1,000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை எண்ணிப் பார்த்தது. எஸ்.சி., எஸ்.டி. சேர்ந்தே 3.5 சதவீதம். முன்னேறிய சாதியினர் 90 சதவீதத்துக்கும் மேல்.

சொல்லிக் கொடுக்கிற இடமாவது ஒழுங்கா? 2011-இல் திருச்சிக்கே ஐ.ஐ.எம். வந்தது. மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. ஆசிரியர் நியமனத்துக்கும் 2019-இல் சட்டம் வந்தது. வந்த கையோடு, அந்த ஆண்டு இறுதியிலேயே, நாட்டின் இருபது ஐ.ஐ.எம்.களும் சேர்ந்து எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று அமைச்சகத்துக்கு எழுதின. மேலாண்மை சொல்லித் தருகிறவர்களுக்கே சமூகநீதியை 'மேனேஜ்' பண்ண முடியவில்லையாம்.

அப்படியானால் படிக்காதே என்று சொல்வதா? நம்மில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, முதலாளியின் படிப்பு முதலாளிக்கே சேவகம் செய்யும் என்கிறது. வசூலுக்குப் போகிற பையனைப் பார்த்தால் அது சரிதான். இன்னொரு கட்சி, 2005-இல் தலித் வர்த்தக சபை வந்தபோதிருந்து, நாமே முதலாளி ஆவதுதான் விடுதலை என்கிறது. ஒரு தெருவில் ஒருவர் முதலாளி ஆனால் மிச்சம் நூறு வீடு என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

பாபாசாகேப் வாழ்க்கையில் இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துத் திரும்பியவர், பம்பாயில் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். 1918-இல் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சக பேராசிரியர்கள் அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதை ஆட்சேபித்தார்கள். படிப்பு மட்டும் பத்தாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர் அந்தப் படிப்பைத் தூக்கி எறியவில்லை. அதைக் கொண்டுபோய் அமைப்போடும் போராட்டத்தோடும் சேர்த்தார். 1942-இல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது, யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது அவர் காலத்து முயற்சியில்தான்.

ஆகவே என் கட்சி இது: படிக்க வேண்டும், தனியாளாகப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேருக்கு, எந்த வேலை, எவ்வளவு சம்பளம் என்று பிரிவுவாரியாக வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டும். விளம்பரப் பலகையில் நான்கு முகத்தைப் போட்டு ஏமாற்றுவது போதும். தனியார் துறையில் இடஒதுக்கீட்டுச் சட்டம் வேண்டாம், நாங்களே செய்கிறோம் என்று 2006-இல் தொழிலதிபர் சங்கங்கள் சொன்னதே, அந்தக் கணக்கை எறையூர் சிப்காட்டிலிருந்து, நாரணமங்கலம் டயர் ஆலையிலிருந்து, அரியலூர் தனியார் சிமெண்டு ஆலைகளிலிருந்து கேட்க வேண்டும். அரசு நிலம் எடுத்துக் கொடுக்கிறது, சலுகை கொடுக்கிறது. அப்புறம் என்ன 'தனியார்'? கேட்கிற கேள்வியை எழுதத் தெரிந்தவர்கள் இந்த எம்.பி.ஏ. பிள்ளைகள்தான். மாதம் ஒரு ஞாயிறு நம் தெருவில் உட்கார்ந்து, குழுக்கடன் சீட்டில் வட்டி எவ்வளவு என்று அம்மாக்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டட்டும். கடன் கேட்கிற நாலு பேருக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கட்டும்.

அந்த வசூல் தம்பியிடம் இதைச் சொன்னேன். "வட்டியக் கணக்குப் போட்டுக் காட்டுனா என் வேல போயிடுமேண்ணே" என்றான். நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு, அவன் கூட நிற்க ஒரு அமைப்பு இருக்கிறது என்பதுதான் பதிலாக இருக்க முடியும். இருக்கிறோமா தோழர்களே?