பட்டாவில் இல்லாதவளைப் பொறிக்கும் தெரியாது

தரவுத்தளத்தோடு ஏஐ உதவியாளரை இணைத்துவிட்டால் போதும், தமிழில் கேட்டால் தமிழிலேயே புள்ளிவிவரம் வரும் என்கிறார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது இணைப்பு முறையை வெளியிட்டபின், இந்த இணைப்பு எளிதாகியும் விட்டது. சரி, அந்தத் தளத்தில் நாம் எங்கே இருக்கிறோம்?

குமராட்சி ஒன்றியத்தில் பெண் விவசாயிகள் எத்தனை பேர் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். நிலப்பதிவேடுதான் அதனோடு இணைந்திருக்கிறது என்றால், உதவியாளர் பட்டாதாரர் பெயர்களை எண்ணிச் சொல்லும். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்தவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். பட்டா அப்பன் பெயரில், அல்லது கணவன் பெயரில். பூர்வீகச் சொத்தில் இந்து மகள்களுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். பட்டா மாற்றம் மட்டும் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. நிலமே இல்லாத தலித் கூலிப்பெண்ணுக்கோ அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கட்டம் போடுவதே ஓர் அரசியல். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைவாசிகளோடு சேர்த்து ‘உழைக்காதோர்’ பட்டியலில் வைத்தது. 2010இல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது. அந்த அட்டவணையைப் படிக்கும் பொறி, சமைத்துத் துவைத்துப் பிள்ளை வளர்த்தவளை உழைக்காதவள் என்றுதான் சொல்லும். அதுவும் தடங்கலில்லாத நல்ல தமிழில்!

பதிவேடு நம்மை விட்டுவிடுவது ஒரு பக்கம். இல்லாதவர்களைச் சேர்ப்பது இன்னொரு பக்கம். நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டத்தில், 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நுழைந்திருந்தது வெளிப்பட்டது. கடலூர் மாவட்டமும் அதில் உண்டு. அதிகாரிகளின் கடவுச்சொற்களை வைத்துத்தான் அந்தப் பெயர்கள் ஏற்றப்பட்டன. அந்த நாளில் ஓர் உதவியாளரை அதோடு இணைத்துக் கேட்டிருந்தால், கடலூரில் விவசாயம் செழிக்கிறது என்றல்லவா சொல்லியிருக்கும்?

“தவறு தரவில்தான், பொறியில் இல்லை” என்பார்கள். தரவைத் திருத்தாமல் பொறியை மட்டும் வாங்குவது யாருக்காக?

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டினால் தகுதி இல்லை என்பது விதி. ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் கூட்டுக்குடும்பத்து மருமகளின் வறுமை அந்த மீட்டரில் ஓடுமா?

ஏஐ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் யார் கேட்பது என்பதே நம் சண்டை. அதிகாரி நம்மைப் பற்றிக் கேட்கும் முன், நாம் கேட்கவேண்டும்: என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? எந்தக் கட்டத்தால் என் மனு தள்ளப்பட்டது? என் விவரத்தை யார், எப்போது பார்த்தார்? இந்த மூன்றுக்கும் பதில் தராத எந்த இணைப்பையும் ஏற்கக்கூடாது. பொறி ‘இல்லை’ என்று சொன்ன ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் காரணங்களையும் கிராமசபையில் வாசிக்கவேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருவோம்.