கேட்டவர்களுக்குப் பதில் வந்ததா?



2021ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், கூட்டொருங்கியக்கத் திருச்சபை பற்றிய ஆயர் மாமன்றப் பயணம் உலகெங்கும் மறைமாவட்ட அளவில் தொடங்கியது. நாமும் அன்பியங்களைக் கூட்டினோம், வினாக்களை வாசித்தோம், மக்கள் சொன்னதை எழுதி அனுப்பினோம். அதன்பின் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் உரோமையில் அமர்வுகள் நடைபெற்றன. 2024 அக்டோபர் 26 அன்று இறுதி ஏட்டை ஏற்றுக்கொண்ட திருத்தந்தை பிரான்சிஸ், தனியே ஊக்கவுரை எதுவும் எழுதாமல், அந்த ஏட்டையே திருச்சபை முழுவதற்கும் வழங்கினார். 2025 மார்ச்சில் அடுத்த கட்டத்திற்கான கால அட்டவணையும் வந்தது. 2027இன் முற்பகுதியில் மறைமாவட்டங்களில் மதிப்பீட்டுக் கூட்டங்கள், பிற்பகுதியில் தேசிய அளவில், 2028 தொடக்கத்தில் கண்ட அளவில், 2028 அக்டோபரில் உரோமையில் திருச்சபைப் பேரவை என்பது திட்டம். திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களும் இந்தப் பயணத்தைத் தொடர்கிறார்.

ஆக, மக்களை மீண்டும் கூட்டி உட்கார வைக்கப் போகிறோம். அவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். போன தடவை நாங்கள் சொன்னது என்ன ஆயிற்று? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பங்குகளில் பதில் இல்லை. பங்குத்தந்தையர் பலரிடமும் இல்லை. நமது தமிழகத் திருச்சபையின் தகவல் தொடர்பைப் பற்றிப் பேச வேண்டுமானால், அழகான இணையப் பக்கத்திலிருந்தோ ஒலிபெருக்கியிலிருந்தோ தொடங்காமல், இந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவதே நேர்மை.

2021இல் சொல்லப்பட்டது எந்த வழியாகப் போனது என்று பார்ப்போம். அன்பியத்தில் பேசியது பங்கின் அறிக்கையானது. பங்குகளின் அறிக்கைகள் மறைமாவட்டத்தின் அறிக்கையாயின. அதுவும் பத்துப் பக்கங்களுக்கு மிகக் கூடாது என்பது உரோமையின் கையேடு தந்த வரையறை. நூற்றுக்கணக்கான அன்பியங்கள் பேசியதைப் பத்துப் பக்கத்தில் அடக்கினால் என்ன மிஞ்சும்? பின்னர் அது தேசிய அறிக்கைக்குள் சென்றது. 2023 பிப்ரவரியில் பாங்காக்கில் கூடிய ஆசியப் பேரவைக்கும், அங்கிருந்து உரோமைக்கும் சென்றது. ஒவ்வொரு படியிலும் சுருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் சுருக்கும்போது ஊரின் பெயர் போய்விடுகிறது, ஆளின் குரலும் போய்விடுகிறது. எங்கள் ஊரில் இன்னும் ஏன் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் என்று ஒரு தாய் கேட்டிருந்தால், மேலே போகப் போக அது 'அனைவரையும் உள்ளடக்கிய திருச்சபை' என்ற சொல்லாகிவிடுகிறது. சொல் நல்ல சொல்தான். ஆனால் அந்தத் தாய் அதை வாசித்தால் அது தன் கேள்வி என்று அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

மேலே போகும்போது இப்படி என்றால், கீழே வரும்போது என்ன நடக்கிறது? 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டிற்கான கொள்கை ஏடு ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதி பார்ப்பது பாவம் என்று ஆயர்களே ஏற்றுச் சொன்ன முக்கியமான ஏடு அது. மேலே சொன்ன தாயின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய ஏடும் அதுவே. நம் பங்கு மக்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் நம்மிடையே பலர். கேள்வி கேட்டவர் ஓரிடத்தில் இருக்கிறார், பதில் எழுதப்பட்டு வேறோர் இடத்தில் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பவர் இல்லை. நமது குறை தகவல் இல்லாமை அன்று. தகவல் நிறையவே இருக்கிறது. தமிழக ஆயர் பேரவைக்குப் பணிக்குழுக்கள் உண்டு, 'நம் வாழ்வு' வார இதழ் உண்டு, மறைமாவட்டங்களுக்கு மாத மடல்கள் உண்டு, ஆயரின் சுற்றுமடல்கள் உண்டு. நற்கருணை மன்றாட்டுக்கும் இறுதி ஆசீருக்கும் இடையே, மக்கள் செருப்பைத் தேடத் தொடங்கும் நேரத்தில், நாங்கள் அவற்றை அவசரமாக வாசிக்கிறோம். வாசித்ததும் தகவல் சேர்ந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம்.

தொடக்கத் திருச்சபை இதை வேறு விதமாகச் செய்தது. திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தை நாம் கோட்பாட்டுக்காகவே அதிகம் வாசிக்கிறோம். தகவல் தொடர்புக்காகவும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். பிற இனத்தவர் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி அந்தியோக்கியாவில் எழுந்தது. எருசலேமில் கூடி முடிவெடுத்தார்கள். முடிவெடுத்ததும், கேள்வி எழுந்த அந்த ஊர் மக்களின் பெயருக்கே மடல் எழுதினார்கள். மடல் மிகச் சிறியது, இன்றைய தாளில் ஒரு பக்கம்கூட வராது. அதை பவுல், பர்னபா கையில் மட்டும் கொடுத்துவிடாமல், யூதா, சீலா என்ற இருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். எழுதியதை வாயாலும் விளக்கிச் சொல்வது அவர்கள் வேலை. அந்தியோக்கியாவில் சபையைக் கூட்டி மடலைக் கொடுத்தார்கள், மக்கள் வாசித்து மகிழ்ந்தார்கள். யூதாவும் சீலாவும் அங்கேயே சில காலம் தங்கவும் செய்தார்கள். வாசித்துவிட்டு அடுத்த பூசைக்கு ஓடவில்லை!

நமக்கு இது முடியாத காரியமா? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கிய நாள்களை நினைத்துப் பார்ப்போம். பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் கடற்கரைப் பங்குகள் வீடு வீடாகப் பட்டியல் எடுத்தன. யார் போனார், எந்தப் படகில், என்று புறப்பட்டார், திரும்பினாரா என்று எழுதினார்கள். அரசின் எண்ணிக்கையும் பங்குகளின் எண்ணிக்கையும் வேறுபட்டபோது, பங்குகளின் பட்டியலில் பெயர்கள் இருந்தன. அதனால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பட்டியல் பெயரோடு மேலே போனது, யாரும் அதைப் பொதுச் சொல்லாக மாற்றவில்லை. ஒருவர் கரை சேர்ந்தார் என்ற செய்தி வந்தால் அதே வீட்டிற்குத் திரும்பிச் சொல்லப்பட்டது. உயிர் போகும் வேளையில் நமக்குத் தெரிந்திருக்கிற ஒரு பழக்கம், மற்ற வேளைகளில் ஏன் மறந்துபோகிறது?

இப்போது வாட்ஸ்அப் குழு இல்லாத பங்கே இல்லை எனலாம். பல குழுக்களில் நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று அமைத்து வைத்திருக்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. காலை வணக்கப் படங்களும் தேவையற்ற சண்டைகளும் யாருக்கும் வேண்டாம். ஆனாலும் வாயைப் பூட்டிவிட்டுச் செவியை மட்டும் திறந்து வைத்திருக்கும் குழுவை உறவுப் பாலம் என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

இதெல்லாம் புதிதாகப் புகுத்தும் கருத்து என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. பொதுநிலையினர் தங்கள் கருத்தைத் தெரிவிக்க உரிமையும், சில வேளைகளில் கடமையும் உடையவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 37ஆம் எண் சொல்கிறது. திருச்சபைச் சட்டம் 212 அதையே சட்டமாக்கியது. இறைமக்கள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம் 1287. மாமன்றத்தின் இறுதி ஏடு இன்னும் ஒருபடி சென்று, கலந்தாய்வில் தெளிவாக வெளிப்பட்ட திசையை அதிகாரத்தில் உள்ளவர் பொருட்படுத்தாமல் விட்டுவிட முடியாது என்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு ஆயருடையதுதான், பங்கில் பங்குத்தந்தையுடையதுதான். அதை யாரும் பறிக்கவில்லை. 'இல்லை' என்று முடிவு செய்தால், ஏன் இல்லை என்று கேட்டவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

சில காரியங்களை வெளியே சொல்ல முடியாதே என்ற தயக்கம் அருட்பணியாளர்களாகிய எங்களுக்கு உண்டு. நியாயமான தயக்கம். சமூகத் தொடர்பு பற்றி 1971இல் வந்த வழிகாட்டி ஏடே இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. தனிமனிதரின் நற்பெயரையும் உரிமையையும் தொடும் காரியங்களுக்குள் மறைபொருளை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆலயக் கட்டடக் கணக்கும், பள்ளிச் சேர்க்கை விதிமுறையும், கல்லறைத் தோட்டத்தின் வழியும் அந்த எல்லைக்குள் வருபவை அல்ல. இவற்றை மூடி வைத்தால் மக்கள் வாளாவிருப்பதில்லை. தெருவில் வேறு பதில் கிடைக்கிறது, அது உண்மையைவிட எப்போதும் மோசமாக இருக்கிறது.

ஆகவே 2027க்கு முன் தமிழக ஆயர் பேரவையிடமும் நம் மறைமாவட்டத்திடமும் நாம் எதிர்பார்ப்பது பெரிய திட்டம் ஒன்றும் அன்று. 2021–22இல் அனுப்பிய மறைமாவட்ட அறிக்கையை எளிய தமிழில் எல்லாப் பங்குகளுக்கும் அனுப்பலாம். அதனுடன் ஒரே ஒரு தாள்: மக்கள் கேட்டவற்றுள் எது நடந்தது, எது நடக்கவில்லை, எது நம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. தாளோடு ஆளும் வர வேண்டும். மறைவட்டத்திற்கு இருவர் போதும். அவர்களுள் ஒருவர் அன்பியம் நடத்தும் பெண்ணாக இருப்பது நலம், ஏனெனில் அன்பியங்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் அவர்களே.

மேலிருந்து தாள் வரும்வரை பங்குகள் காத்திருக்கத் தேவையில்லை. 2021இல் நம் பங்கு அனுப்பிய அறிக்கையின் பிரதி பங்கு அலுவலகக் கோப்பில் இருக்கக்கூடும். அருட்பணிப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் அதை எடுத்து உரக்க வாசிக்கலாம். கூட்ட நேரம், திருமணப் பதிவுக் கட்டணம், முதியோருக்கான நற்கருணை போன்ற பங்கிலேயே தீர்க்கக்கூடியவை அதில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அவற்றுக்கு வரும் ஞாயிறே பதில் சொல்லலாம், செருப்பைத் தேடும் நேரத்திற்கு முன்பாக.