கல்யாணத்துக்கும் கை தூக்கணுமா?

தேர்தல் முடிவு வந்ததும் ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடுகிறார்கள். வியாபாரிக்கு என்ன லாபம், விவசாயிக்கு என்ன நட்டம் என்று. இப்போது அந்தப் பட்டியலில், அதிலும் அமெரிக்கத் தேர்தல் என்றால், இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு இந்த முடிவு என்ன சொல்கிறது? அவர்கள் கட்டிய கல்யாணம் இனி செல்லுமா, செல்லாதா? கேள்வி அக்கறையாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் நின்னு யோசிங்க. ஒரு மனுசன் யாரோடு குடும்பம் நடத்துவது என்பதை எதிர்வீட்டுக்காரனும் எட்டாவது வீட்டுக்காரனும் ஓட்டுப்போட்டு முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? சேரியில் பிறந்தவனுக்கு இது புதுசில்லை. ஊர் கூடி உட்கார்ந்துதான் நம்ம செருப்புக்கும் டீ கிளாசுக்கும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

2008 நவம்பர் 4ஐ எடுத்துக்கொள்வோம். ஒபாமா ஜெயித்த நாள். அடிமைகளின் உழைப்பில் எழுந்த வெள்ளை மாளிகைக்குள் ஒரு கறுப்பர் குடியரசுத் தலைவராகப் போகிறார் என்று உலகமே கொண்டாடிய இரவு. நாமும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அதே இரவில், அவருக்கு அமோகமாக ஓட்டுப்போட்ட கலிபோர்னியா மாநிலம், அதே ஓட்டுச்சாவடியில், தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்து தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. எட்டாவது முன்மொழிவு என்று அதற்குப் பேர். ஆதரவாக விழுந்தது 70 லட்சம் ஓட்டு, எதிர்த்து 64 லட்சம். அந்த வருடம் மே மாதம்தான் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. சுமார் 18,000 ஜோடிகள் கல்யாணம் முடித்திருந்தார்கள். கொடுத்த உரிமையை ஆறே மாதத்தில் தலையை எண்ணிப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒபாமா அந்தத் தடையை எதிர்த்தார்; ஆனால் கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்றும் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். தடை கேட்டவர்கள் அவர் பேச்சையே எடுத்துப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

அடுத்த நாள் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? கறுப்பர்கள் தலையில். ஓட்டுப்போட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த ஒரு கணிப்பு, கறுப்பர்களில் 70 சதவீதம் தடையை ஆதரித்ததாகச் சொன்னது. அவ்வளவுதான், 'எங்கள் உரிமையைக் கெடுத்தவர்கள் இவர்கள்தான்' என்று வெள்ளைத் தன்பாலின ஈர்ப்பாளர்கள் பலர் கொதித்தார்கள். கலிபோர்னியாவின் மக்கள்தொகையில் கறுப்பர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர். எழுபது லட்சம் ஓட்டை அவர்களா போட்டார்கள்? பின்னால் வாக்குச்சாவடி வாரியாக ஆராய்ந்தவர்கள், அந்த எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் கீழே என்று காட்டினார்கள். தோலின் நிறத்தைவிட, வாராவாரம் தேவாலயத்துக்குப் போகிறவரா இல்லையா என்பதே பெரிதாக வேலை செய்திருக்கிறது என்றும் காட்டினார்கள். பிரச்சாரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டுக் கோடி டாலருக்கு மேல் கொட்டப்பட்டது. தடை கேட்ட பக்கத்துக்குப் பணமும் ஆளும் பெருமளவு திரட்டித் தந்தது மார்மன் சபை. 1978 வரை கறுப்பு ஆண்களைக் குருத்துவத்துக்கே சேர்க்காத சபை அது. அந்தப் பணத்தைப் பேசாமல் கறுப்பரைப் பேசினார்கள். கலவரம் எங்கே நடந்தாலும் கேஸ் காலனிப் பையன்மேல் எழுதப்படுகிற கதைதான்.

கறுப்பர் தரப்பில் குற்றமே இல்லை என்று மழுப்ப வேண்டியதும் இல்லை. பல கறுப்புப் போதகர்கள் மேடையில் நின்று தடைக்கு ஓட்டுக் கேட்டார்கள். 1963இல் வாஷிங்டன் பேரணியை அணுஅணுவாகத் திட்டமிட்டு நடத்தியவர் பேயார்ட் ரஸ்டின். அவர் தன்பாலின ஈர்ப்பாளர். 1960லேயே அதைக் காட்டி மிரட்டி அவரை மார்ட்டின் லூதர் கிங்கிடமிருந்து ஒதுங்க வைத்தவர் வெள்ளை இனவெறியர் இல்லை. ஆடம் கிளேட்டன் பவல் என்ற கறுப்பு எம்.பி. ஒடுக்கப்பட்டவன் தனக்குள் இருக்கிற இன்னொரு ஒடுக்கப்பட்டவனை வீட்டுக் கொல்லையில் நிற்க வைப்பது, நம்ம இயக்கங்களுக்கும் தெரியாத பழக்கமா?

கொடுத்ததை ஓட்டெடுத்துப் பிடுங்கும் வித்தையை நாம் கலிபோர்னியாவில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. பொதுக்குளங்கள் எல்லாருக்கும் பொது என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் இறங்கித் தண்ணீர் குடித்தார். அடி விழுந்தது. சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. ஆகஸ்டில் நகராட்சி கூடித் தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. முறைப்படிதான், ஜனநாயகப்படிதான்! அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது 1937இல். தண்ணீர் குடிக்கும் உரிமைக்கு எந்தக் காலத்தில் ஓட்டெடுத்திருந்தால் ஜெயித்திருப்போம்? 1927இலா, 1937இலா? சில ஊர்களில் இன்றைக்கு எடுத்தாலும் சந்தேகம்தான்.

சும்மா சொல்லவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்யக்கூடாது என்ற சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒழித்தது 1967இல், லவிங் தம்பதி வழக்கில். அடுத்த வருடம் கேலப் நிறுவனம் கேட்டபோது அந்தக் கல்யாணங்களை ஏற்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு இருபது பேர். அன்றைக்கு ஓட்டு வைத்திருந்தால்? அலபாமா மாநிலம் அந்தத் தடையைத் தன் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்க 2000ஆம் ஆண்டில் ஓட்டெடுத்தது. முப்பத்து மூன்று வருடம் செத்துக்கிடந்த சட்டம். அதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நூற்றுக்கு நாற்பது பேர் ஓட்டுப்போட்டார்கள்.

அப்படியானால் தேர்தல் எக்கேடோ கெடட்டும் என்கிறோமா? இல்லை. 2012இல் மெய்ன், மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலங்களில் மக்கள் ஓட்டிலேயே தன்பாலினத் திருமணம் ஜெயித்தது. வீடு வீடாகப் போய்ப் பேசியதால் ஜெயித்தது. 2015 ஜூன் 26இல் அமெரிக்கா முழுவதற்கும் அந்த உரிமையைத் தந்த தீர்ப்பு ஐந்துக்கு நான்கு. ஒரு நீதிபதி வித்தியாசம். அந்த நீதிபதிகளை நியமிப்பது யார்? தேர்தலில் ஜெயிக்கிறவன். 2016இல் ஜெயித்த டிரம்ப் மூன்று பேரை நியமித்தார். 2022இல் கருக்கலைப்பு உரிமை போனது. அந்தத் தீர்ப்போடு தனியாக எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், தன்பாலினத் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அவர் கறுப்பர், மனைவி வெள்ளையர். அவர் போட்ட மறுபரிசீலனைப் பட்டியலில் லவிங் வழக்கு மட்டும் இல்லை! தன் வீட்டுக் கூரையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தீ வைக்கச் சொல்லும் பெரிய மனுசன். நம்ம பக்கத்திலும் இப்படி ஆட்கள் உண்டு, பேர் எதற்கு?

2024 நவம்பர் 5இல் கதை தலைகீழானது. டிரம்ப் ஜெயித்தார். அதே நாளில் கலிபோர்னியாவில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப்போட்டு, 2008இல் எழுதிய அந்தத் தடை வாசகத்தை அழித்தார்கள். யார் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை மட்டும் பார்த்தால் இரண்டு தேர்தலையும் தப்பாகத்தான் படிப்போம். ஆனால் நாற்காலிக்காரர் சும்மா இருக்கவில்லை. பதவியேற்ற அன்றே, 2025 ஜனவரி 20இல், ஆண், பெண் என்ற இரண்டு பாலினம்தான் அரசுக்குத் தெரியும் என்று உத்தரவு போட்டார். முதல் அடி மாறிய பாலினத்தவர்மேல். கல்யாணப் பத்திரம் கையில் இருக்கிற வசதியானவர்களைத் தொட நாளாகும். வரிசையில் கடைசியில் நிற்கிறவரைத் தொட ஒரு கையெழுத்து போதும்.

இந்த நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். 2013இல் 377ஆவது பிரிவைத் திரும்ப உயிர்ப்பித்த உச்ச நீதிமன்றம், இவர்கள் மக்கள்தொகையில் மிகமிகச் சிறு பகுதி என்று காரணம் சொன்னது. வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நாடாளுமன்றம் பார்த்த லட்சணம் என்ன? 2015 டிசம்பரில் சசி தரூர் ஒரு தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்யவே அனுமதி கேட்டார். எதிர்ப்பு 71, ஆதரவு 24. மற்றவர்கள் எங்கே போனார்கள்? சமூகநீதி பேசி ஜெயித்த நம்ம எம்.பி.க்களில் எத்தனை பேர் அன்றைக்கு இருக்கையில் இருந்தார்கள்? 2018இல் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கிய தீர்ப்பு ஊன்றி நின்றது அரசியல் சட்ட அறநெறி என்ற சொல்லின்மேல். அது 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கிய கருத்து. அது தானாக முளைப்பதில்லை, பயிர்செய்ய வேண்டியது. இந்த நாட்டு மண்ணே ஜனநாயகத்துக்கு எதிரான மண் என்று அன்றே எச்சரித்தார். சரியாக அறுபது வருடம் கழித்து அதே நவம்பர் 4இல்தான் கலிபோர்னியா ஓட்டுப்போட்டது.

2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை கேட்டவர்களை மறுபடி நாடாளுமன்றத்துக்கே அனுப்பிவிட்டது. 2024 தேர்தலில் காங்கிரசின் அறிக்கையில், விரிவாகக் கலந்து பேசி இணைவாழ்வை அங்கீகரிக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக யாரும் மேடையில் தொண்டை கிழியக் கத்தவில்லை. ஆட்சிக்கு வந்தது, அந்தக் கோரிக்கையை 'நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை' என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த அதே அரசு.

மேட்டுக்குடி! நம்ம ஆட்களும் இதைத்தான் சொல்றாங்க. 'நமக்குக் கஞ்சிக்கே வழியில்ல, இவனுகளுக்கு ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணமா?' என்று கேட்கிறார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015இல் மும்பையில் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி ஒரு தாய் விளம்பரம் கொடுத்தார். துணிச்சல்தான். ஆனால் சாதி தடையில்லை என்று எழுதிவிட்டு, ஐயர் என்றால் விருப்பம் என்றும் சேர்த்திருந்தார். படுக்கையில் புரட்சி, பந்தியில் மனு! இதைக் கேட்காமல் விடக்கூடாது. ஆனால் சேரியில் தன்பாலின ஈர்ப்பாளரே இல்லை என்று சொல்கிறவர், வீட்டை விட்டு அடித்துத் துரத்தப்பட்ட நம்ம திருநங்கைப் பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவார்? வானவில் கொடிக்கு விளம்பரக்காரன் வருகிறான். ரயிலில் கைதட்டுகிறவளுக்குப் போலீஸ்காரன்தான் வருகிறான். அவள் ஓட்டு எத்தனை என்று எந்தக் கட்சியும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர்கள் கேட்பது எந்தச் சட்டத்தின் கீழ்? 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாறாமல், புரோகிதனைக் கூப்பிடாமல் மதம்விட்டு மதம், சாதிவிட்டு சாதி கட்டுகிறவர்கள் தேடிப்போகிற அதே சட்டம். அதன்படி மனு கொடுத்தால், இரண்டு பேரின் பேரையும் விலாசத்தையும் அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் முப்பது நாள் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபணை இருக்கிறவன் வந்து சொல்லலாமாம். யாருக்கு ஆட்சேபணை? பெண்ணின் அண்ணனுக்கு, மாமனுக்கு, சாதிச் சங்கத்துக்காரனுக்கு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் பட்டப்பகலில் அரிவாளோடு வந்தது எந்த ஆட்சேபணை என்று நமக்குத் தெரியும். இரண்டு பெண்கள் நாளைக்கு அந்த மனுவைக் கொடுத்தாலும் அதே பலகையில்தான் அவர்கள் பேரும் ஏறும்.

அந்தப் பலகையைக் கழற்று என்று 2023இல் நீதிமன்றத்தில் கேட்டவர்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள். பலகையைப் பார்த்து அரிவாள் தீட்டப்படுவது நம்ம பிள்ளைகளுக்கு எதிராக. அடுத்த முறை ஓட்டுக் கேட்டுத் தெருவுக்குள் வருகிறவரிடம், மாலையோடு வந்தாலும் சரி, நீலத் துண்டோடு வந்தாலும் சரி, கேளுங்க: 'அந்த முப்பது நாளைத் தூக்க ஓட்டுப்போடுவீங்களா, அன்னைக்கும் வெளிநடப்புதானா?'