அலர்ஜி என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள்

பஞ்சாலைத் தோழர்களே!

வார லீவு முடிந்து முதல் ஷிப்டுக்குப் போகிறோம். புளோ ரூமில் பேல் பிரித்துப் போட்டு, கார்டிங் ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டினாற்போல் இறுக்குகிறது. இருமல், இளைப்பு. மறுநாள் கொஞ்சம் தேவலை. வாரக் கடைசியில் மறந்தே போகிறது. அடுத்த லீவு கழிந்ததும் மறுபடி அதே இறுக்கம். டாக்டரிடம் போனால் ‘டஸ்ட் அலர்ஜி’ என்று மாத்திரை எழுதித் தருகிறார். சூப்பர்வைசர், ‘உன் உடம்புவாகு அப்படி’ என்கிறார்.

ஒரே பிரிவில் நிற்கிற பலருக்கு, லீவுக்கு மறுநாள் பார்த்து, ஒரே மாதிரி இறுக்கினால் அது எப்படி உடம்புவாகு ஆகும்? இதற்குப் பெயர் பிஸினோசிஸ். பஞ்சோடு வரும் இலைத்தூள், சருகு, அவற்றில் பெருகும் பாக்டீரியாக்களின் நச்சு ஆகியவை மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங், ஞாயிறு லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை இறுக்கத்தை வைத்தே இந்நோயின் படிநிலைகளை வகுத்தார். முதலில் என்றோ ஒரு திங்கள், பிறகு ஒவ்வொரு திங்களும், பிறகு மற்ற நாட்களும். கடைசிப் படியில் நுரையீரலின் இழப்பு நிரந்தரம். ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலக்கினால் ஆள் தேறிவிடலாம். கடைசிப் படிக்குப் போனவரை மீட்க மருந்து இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குச் சேதம் இன்னும் அதிகம். அதையும் மறைக்காமல் சொல்லிக்கொள்வோம்.

நிர்வாகம் தப்பிப்பது எக்ஸ்ரேயைக் காட்டித்தான். கல் குவாரித் தோழருக்கு வரும் சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் தெரியும். பஞ்சுத்தூசி நோய்க்கு அப்படித் தனி அடையாளம் எதுவும் படத்தில் விழாது. ‘படம் கிளியர், ஆள் ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஆகவே நாம் கேட்க வேண்டியது ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை. அதையும் லீவுக்கு மறுநாள், ஷிப்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை செய்ய வேண்டும். வியாழக்கிழமை சாவகாசமாக ஊதச் சொன்னால் அது கண்துடைப்பு.

லீவுக்கு மறுநாள் சோதிக்க முதலில் லீவு வேண்டுமே! அந்த வார விடுமுறையையும் கேட்டுத்தான் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஆலை விடுதிகளில் தங்க வைக்கப்பட்டிருக்கும் நம் பெண்களுக்கும், ஒடிசா, பீகார் தோழர்களுக்கும் லீவே கொடுக்காமல் ஷிப்டு மேல் ஷிப்டு ஓட்டினால் என்ன ஆகும்? நுரையீரலுக்கு ஓய்வு இல்லை. ஆகவே லீவுக்கு மறுநாள் இறுக்கம் என்கிற அடையாளமும் இல்லை. நோய் வெளியே தெரியும்போது அவர்கள் ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. பிஸினோசிஸ் கண்டால் அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதில் ஆலை மேலாளருக்கும் கடமை உண்டு, பார்க்கிற டாக்டருக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. தொழில்நோய் என்று ஏற்றால் வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். நிரந்தர இழப்புக்கு உதவித்தொகை உண்டு. ‘அலர்ஜி’ என்று சீட்டில் எழுதிய கையோடு இத்தனையும் போய்விடுகிறது.

‘முதலில் சம்பள உயர்வு, தூசியைப் பிறகு பார்ப்போம்’ என்கிற தோழர்கள் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களைப் பார்க்கட்டும். அங்கே நுரையீரல் கெட்டு ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் 1975-இல் சங்கம் கட்டினார்கள். 1978-இல் பஞ்சுத்தூசிக்கு அரசு வரம்பு விதித்தது: நூற்புப் பிரிவுகளில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராம். முதலாளிகள் செலவுக் கணக்கைத் தூக்கிக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 1981-இல் தோற்றார்கள்.

நம் வேலை இந்த வாரமே தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் நோட்டுப் போடுங்கள்: பெயர், பிரிவு, எத்தனை வருடம், எந்த நாள் இறுக்குகிறது. இந்தியில் எழுதத் தெரிந்த தோழரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஹோஸ் பிடித்து மெஷினைத் தூசி தட்டும்போது பறக்கிற தூசி நேரே நம் மூச்சில்தான் போகிறது. அதை நிறுத்தி சக்‌ஷன் வைக்கச் சொல்லுங்கள். துணி மாஸ்க்கை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள், அந்த நுண்தூசியை அது தடுக்காது. நோட்டின் நகல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் இ.எஸ்.ஐ.க்கும் போகட்டும்.

அடுத்த லீவுக்கு மறுநாள் காலை, முதல் ஷிப்டு மணிக்கு முன்பே, மில் வாசலில் கூடுவோம். நோட்டோடு வாருங்கள். இருமுகிற தோழரையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.