சிலம்பம் பயில்வார்க்கு வேண்டும் கருவிகள்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. வல்லவனைப் பற்றி அஃது உண்மையே. ஆனால் நேற்றுக் கோலெடுத்து இன்று மைதானத்தில் நிற்கும் புதியவனுக்கு எஃது ஆயுதம், எஃது ஆடம்பரம் என்பதை அப்பழமொழி கூறிற்றில்லை. அதனைக் குறித்து என் மனத்திற்பட்ட சிலவற்றை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் இக்கல்லூரியின் பழைய மாணாக்கன். இப்பொழுது நந்தனத்தில் வசிப்பவன். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் 1920-ஆம் ஆண்டு தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் பரந்த மைதானங்களோடு விளங்குவதை யாவரும் அறிவர். பாரிஸ் நகரில் 1924-ல் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய வீரரோடு பயிற்சியாளராய்ச் சென்றவர் அப்பெரியார். அம்மைதானத்தின் ஓரமாய்க் காலையில் நடக்குந்தோறும், தேகப்பயிற்சி என்பது செல்வர்க்கு மட்டும் உரியதன்று, அனைவர்க்கும் பொது என்னும் எண்ணமே என் உள்ளத்தில் எழும்.

நிற்க. சென்ற ஆண்டு நம் விடுதியில் வாழும் முதலாண்டு மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். சிலம்பம் பயில விரும்பி வெளியே ஒரு பயிற்சியிடத்திற் சேர்ந்தானாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் அவன் கையிற் கொடுக்கப்பட்டது. சீருடை, காலணி, இரண்டு கோல், தலைக்கவசம், மார்புக்கவசம், முழங்காற் காப்பு, இவற்றையெல்லாம் இட்டுச் செல்ல ஒரு பை! கூட்டிப் பார்த்தால் அவனது ஒரு மாத உணவுச்செலவினும் மிகுதி. தந்தைக்கு எழுத நாணி, அவன் கோலையே விட்டுவிட்டான். அவன் கலையை வெறுத்து விட்டானல்லன். பட்டியலைக் கண்டு விட்டான். இஃது எனக்குப் பெருந்துயரம் தந்தது.

இவற்றுள் முதல் நாளே இன்றியமையாதது யாது? கோல் ஒன்றே. அதனை மட்டும் பிறர் கையினின்று இரவல் வாங்கலாகாது. என்னை? கோல் அவனவன் உடலளவிற்கு ஏற்றதாதல் வேண்டும். நிமிர்ந்து நின்றால் அடிநிலத்தினின்று நெற்றியளவு எட்டுவதே பொருத்தமென்பர். நடுத்தர உயரமுடையார்க்கு அது சுமார் 5 அடியாகும். உயர்ந்தவன் கோலைக் குள்ளன் சுழற்றினால் நிலத்தில் இடறும். மாறி எடுத்தால் வீச்சு எட்டாது. கையால் வளைத்துப் பிடித்தால் பிடி இறுகவேண்டும். கணுக்கள் நெருங்கியிருத்தல் நன்று. கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தாற் கோணல் தெரியலாகாது. விலையுயர்ந்த கோலே நற்கோலென்று எண்ணுவது பேதைமை.

தனியே சுழற்றிப் பயில மூங்கிலே சாலும். ஆயின் இருவர் எதிர்நின்று மோதும்போது, மூங்கில் நெடுக்கிற் பிளந்து கூரிய சிலாம்புகளை நீட்டும். பிரம்போ நார்நாராய்ப் பிரியுமேயன்றி அவ்வாறு கூர்ப்படாது. ஆதலின் மோதற்பயிற்சிக்குப் பிரம்பே ஏற்றது. எக்கோலாயினும் ஒவ்வொரு நாளும் எடுக்குமுன் ஒரு மெல்லிய துணியால் அடிமுதல் நுனிவரை தடவுக. துணியின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பிளவு தொடங்கிவிட்டதென்று அறிந்து அக்கோலை விலக்குக. எண்ணெய் பூசி, வெயிலிற் காயவிடாது வைத்தால் கோல் நெடுநாள் உழைக்கும்.

இதனை யான் நூலிற் படித்துக் கூறவில்லை. மாணாக்கனாயிருந்தபோது, அறைமூலையிற் கிடந்த யாருடைய பழைய மூங்கிலையோ எடுத்து, பாராமலே நண்பனோடு மோதினேன். நான்காவது அடியிற் கோல் பிளந்தது. ஒரு சிலாம்பு என் கண்ணுக்கு அரையங்குல மேலே புருவத்தைக் கிழித்தது. அத்தழும்பை இன்றும் கண்ணாடியிற் காண்கிறேன். குற்றம் என்னுடையதே. ஜப்பானியர் வாட்பயிற்சியில் நான்கு மூங்கிற் பட்டைகளைத் தோலாற் பிணைத்த கோலையும், கம்பியிட்ட முகக்கவசத்தையும் 18-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டனர். அதனால் அவர் வீரம் குறைந்துவிடவில்லை.

இனிக் காப்புக்கருவிகள். பல்லுறையும் இடுப்புக்காப்பும் ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளத்தக்கன அல்ல. எதிர்நின்று ஆடத் தொடங்கும் நாளில் அவனவன் வாங்குக. தலைக்கவசத்தைப் பற்றி ஒரு சொல். அது காயத்தைத் தடுக்கும். முகக்கம்பி கண்ணைக் காக்கும். ஆனால் மண்டைக்குள் மூளை அதிர்வதை முற்றும் தடுக்கமாட்டாது. அனைத்துலகக் குத்துச்சண்டைச் சங்கத்தார் 2013-ல் முதுநிலை ஆடவர்க்குத் தலைக்கவசத்தை நீக்கினர். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் அஃதின்றியே பொருதனர். அம்முடிவு சரியோ தவறோ, கவசம் அணிந்தோம் என்னும் துணிவில் தலையையே குறிவைத்து ஓங்கியடிப்பது அறியாமை என்பது தெளிவு. கோலாட்டத்திற் கவசம் வேண்டும். அதனினும் மேலாக அடியை அடக்கும் கை வேண்டும்.

ஆயினும் இக்கவசங்கள் முதல் நாளே எதற்கு? சிலம்பத்தில் முதலிற் பயில்வது கால்வரிசை. பின்னர்த் தனி வீச்சு. எதிரி இல்லாத அத்திங்கள்களில் மார்புக்கவசம் பெட்டியில் உறங்குமேயன்றி வேறென் செய்யும்? மோதும் நாளிலும் ஒரு வேளைக்கு இருவரே களத்தில் நிற்பர். எனவே நான்கு தொகுதி தலைக்கவசமும் மார்புக்கவசமும் நம் கல்லூரிப் பொதுவுடைமையாய் இருப்பின், இருபது மாணாக்க மாணாக்கியர்க்குப் போதும் என்பது என் துணிபு.

பலர் அணிந்தவை தூய்மையற்றவை எனச் சிலர் தடை கூறலாம். ஒவ்வொருவர் அணிந்தபின்னும் துடைத்து, மாலையிற் காற்றாட உலர்த்தினால் அக்குறை நீங்கும். அவ்வேலையும் பயிற்சியின் ஒரு பகுதியே. பந்தயங்களுக்கு விதிப்படி கருவிகள் வேண்டுமே எனின், உண்மையே. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிற் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அத்தகைய அரங்குகளை நோக்குவோர், நோக்கும் காலத்தில் அவற்றைத் தேடிக்கொள்க. பந்தயத்திற்குரிய பட்டியலைப் பயிற்சியின் வாயிலிலே தொங்கவிடுவது முறையன்று.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும். உடலாகிய சுவரைக் காக்கும் பொருள்களைச் சுருக்கலாகாது. வெறும் அலங்காரத்தைப் பெருக்கலும் ஆகாது. பழைய மாணாக்கராகிய நாம் ஆளுக்கொரு சிறு தொகை அளித்தால் மேற்கூறிய நான்கு தொகுதியும் இவ்வாண்டிலேயே கல்லூரிக்கு வந்துசேரும். என் பங்கை உடற்பயிற்சி ஆசிரியரிடம் முன்னரே ஒப்புவித்துள்ளேன். கோல் ஒன்றை மட்டும் கையிலேந்தி அவ்விளைஞன் மீண்டும் மைதானத்திற்கு வருவானாயின், இக்கட்டுரை பயன்பட்டதென்று மகிழ்வேன்.