கழட்டிப் பார்க்காம வீசாதீங்க

லுணுகலையில நாங்க நாலு பேர், ஒரு கம்பியூட்டர், ஒரே ஒரு ஜோய்ஸ்டிக். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்த ஹரிகேனைத்தான் சிமுலேட்டரில் ஓட்டுறோம். போன மாசம், குறி வைக்கிற நேரம் பார்த்து விமானம் தானா இடப்பக்கம் சாய ஆரம்பிச்சது.

"டெட்சோனைக் கூட்டு" என்றார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நடுப்பகுதியில் வரும் சின்ன அசைவுகளைக் கணக்கிலெடுக்காதே என்று மென்பொருளுக்குச் சொல்வதுதான் டெட்சோன். சண்டையில் குறி வைப்பதே அந்தச் சின்ன அசைவுகளால்தானே!

பதுளைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திறக்காமலே "புதுசு வாங்குங்க" என்றார். பஸ் காசும் போச்சு. புதுசுக்குக் காசிருந்தா நாங்க ஏன் அங்க போறோம்?

நாங்களே கழட்டினோம். மலிவான ஜோய்ஸ்டிக்கில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுற திருகுக்குள்ள இருக்கிற அதே சாமான். கரித்தடத்தின் மேல் உலோகக் கால் ஒன்று உரசி நகரும். தூசி படிஞ்சா ரேடியோ கரகரக்கும், இங்கே விமானம் உதறும். தூசி மட்டுமென்றால் கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு, பல தடவை இரு பக்கமும் ஆட்டினால் போதும். தடம் தேய்ந்திருந்தால் அதே ஓம் அளவில், அதே வகையில் வேறொன்று போடணும். குச்சி வளையும் இடத்தில் வயர் அறுந்திருக்கான்னும் பாருங்க. காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சர் உரசாது, தேயாது, விலைதான் கடிக்கும்.

எங்களுடையதில் தூசிதான். கொஞ்சம் பிஸ்கட் தூளும். (யாருடையதென்று சொல்லமாட்டோம்.)

யூஎஸ்பியைக் கழட்டிட்டுத் திறங்க. ஸ்பிரிங் துள்ளி ஓடும், கீழே ஒரு துணி விரிச்சு வச்சுக்கங்க.