ஒரே வருஷத்துல ரெண்டு பிறந்தநாள்

ஆபீஸ்ல ஷிஃப்ட் அட்டவணை போடற பாவப்பட்ட ஜென்மம் நான். டெல்லியில எங்க டீம்ல பாதிப் பேர் சர்தார்ஜிங்க. வருஷ ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் லீவு தேதி கேட்டு எக்செல்ல போட்டுடுவேன். வைசாகி பிரச்சனையே இல்லை, நம்ம சித்திரை ஒண்ணை ஒட்டியே வந்துடும். மத்ததுதான் தலைவலி.

குரு கோவிந்த் சிங் பிறந்தநாளை எடுத்துக்குங்க. 2017-ல ஜனவரி 5, மறுபடி டிசம்பர் 25. 2018-ல கிடையவே கிடையாது. 2025-லயும் அதே கதை: ஜனவரி 6, அப்புறம் டிசம்பர் 27. 2026 முழுக்க காலி! ஏன்னா அவங்க பார்க்கறது போஹ் மாச வளர்பிறை சப்தமி. திதிக் கணக்குல வருஷம் 11 நாள் குறையும், அதிக மாசம் வந்து இழுத்துப் பிடிக்கும். நமக்குத் தெரியாததா என்ன :-)

இதுக்குத்தான் பால் சிங் புரேவால்னு கனடாவுல இருந்த ஒரு இஞ்சினியர் (2022-ல காலமாயிட்டார்) உட்கார்ந்து நானக்‌ஷாஹி காலண்டர் போட்டார். குரு நானக் பிறந்த 1469-ல இருந்து ஆண்டுக் கணக்கு, முழுக்க சூரிய வருஷம். 2003-ல சிரோமணி குருத்வாரா கமிட்டி அதை ஏத்துக்கிச்சு. கோவிந்த் சிங் பிறந்தநாள் ஜனவரி 5, குரு அர்ஜன் உயிர்த்தியாக நாள் ஜூன் 16னு நிலையா ஆச்சு. குரு நானக் பிறந்தநாள் மாதிரி ஒண்ணு ரெண்டை மட்டும் பழைய திதிக்கே விட்டுவச்சாங்க. 2010-ல 'திருத்தம்'னு சொல்லி, நிலையாக்கின நாட்கள்லயும் சிலதைத் திரும்பப் பழைய கணக்குக்கே கொண்டு போயிட்டாங்க.

பாகிஸ்தான் குருத்வாரா கமிட்டி மட்டும் 2003 காலண்டரை விடலை. குரு அர்ஜன் 1606-ல உயிர் துறந்தது லாகூர்ல. அங்க ஜூன் 16, அமிர்தசரஸ்ல வேற தேதி. விசா வாங்கி எல்லை தாண்டிப் போக வேண்டிய யாத்திரைக்கு ரெண்டு தேதின்னா, கிழவனும் கிழவியும் எந்தத் தேதிக்கு விண்ணப்பம் போடறது?

ஒரு நாள் நகர்ந்தா அந்த ஒரு நாளோட போகாதுங்க. 48 மணி நேர அகண்ட பாடம் ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சாதான் அன்னைக்கு முடியும். அதுக்கும் முன்னாடி விடியக்காலை பிரபாத் பேரி, லங்கருக்கு மாவு பருப்பு, சப்பாத்தி தேய்க்க ஆளு. எல்லாமே நகரணும்.

எனக்கு உறைச்சது போன டிசம்பர்ல. எதிர் வீட்டு பீஜிக்கு எண்பது வயசு. டிசம்பர் கடைசி வாரம் தரையிலதான் படுப்பாங்க, இனிப்பு தொட மாட்டாங்க. கோவிந்த் சிங்கோட சின்னப் பசங்க ரெண்டு பேரை சுவத்துல வச்சுக் கட்டின நாட்கள் அது. ஃபதேகர் சாஹிப்ல 25 முதல் 27 வரை கூட்டம் கூடி அழும். 2025-ல அதே 27-ந்தேதி அப்பாவோட பிறந்தநாள்! நான் அசட்டுத்தனமா லட்டு டப்பாவோட போய் நின்னேன். பீஜி டப்பாவை வாங்கிக்கிட்டாங்க, திறக்கலை. "பேட்டா, இன்னைக்கு நான் சிரிக்கணுமா, அழணுமா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

திதி எங்க தாத்தா காலத்துப் பழக்கம், அதை எப்படி விடறதுன்னு டீம்ல ஒரு தம்பி சண்டைக்கு வர்றான். அவன் சொல்றதும் புரியுது. திருக்கணிதத்துக்கு 2025-லயும் வாக்கியத்துக்கு 2026-லயும் சனிப்பெயர்ச்சி பார்த்த ஊர்க்காரன் நான், எந்த வாயால நியாயம் பேசறது? ஆனாலும் என் ஓட்டு புரேவாலுக்குத்தான். அவங்க குருவோட நாளை அவங்களே வருஷா வருஷம் போய்த் தேட வேண்டியதில்லைல்ல?

அடுத்த பிறந்தநாள் திதிப்படி 2027 ஜனவரி நடுவுலதான். எக்செல்ல போட்டாச்சு. ஜனவரி 5 கட்டத்துலயும் ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன். பீஜி எதைச் சொல்றாங்களோ, அன்னைக்குத்தான் லட்டு.